பழைய ஃபெல்ட் தொப்பி: முதலில் உள்பட்டையைப் பாருங்கள்

ஐயா, வணக்கம்.

என் தாத்தா நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரிய கிராணியாக இருந்தவர். பழைய வீட்டைக் காலி செய்தபோது அலமாரி மேலிருந்து அவருடைய சாம்பல் நிற ஃபெல்ட் தொப்பி கிடைத்தது. உள்ளே லண்டன் கம்பெனி முத்திரை, அளவு 7⅛. என் தலை 58 செ.மீ. இணையத்தில் பார்த்தால் 7⅛ என்பது 57 செ.மீ. என்று போட்டிருக்கிறார்கள். போட்டுப் பார்த்தேன். நெற்றியிலும் பின்மண்டையிலும் இறுக்குகிறது, காதுக்கு மேலே மட்டும் சந்து தெரிகிறது. உள்ளே வெள்ளையாகப் பூஞ்சை, முடை நாற்றம். முன்னால் கிள்ளிப் பிடிக்கும் இடத்தில் சின்ன விரிசல். கெட்டில் ஆவியில் காட்டி இழுத்தால் பெரிதாகிவிடும் என்கிறான் நண்பன். செய்யலாமா? தங்கை கல்யாண வரவேற்புக்கு இதைப் போட்டுக்கொள்ள ஆசை. இன்னொன்று, லோரோங் கூலிட் சந்தையில் ஸ்டெட்சன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பழைய தொப்பி ஒன்றைப் பார்த்தேன். வாங்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

க.
பட்டர்வொர்த்

அன்புள்ள தம்பிக்கு,

கெட்டிலை இப்போதைக்குத் தொட வேண்டாம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அளவை முடித்துவிடுவோம், அதில் நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை.

நீங்கள் பார்த்தது அமெரிக்க அட்டவணை. அந்த அளவுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: தலைச்சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து 8-ஆல் வகுத்தால் போதும். 56-க்கு 7, 57-க்கு 7⅛, 58-க்கு 7¼. பிரிட்டிஷ் அளவு இதைவிட ⅛ குறைவாக இருக்கும். லண்டன் தொப்பியில் 7⅛ என்று இருந்தால் அது 58 செ.மீ. தலைக்குச் செய்தது. தாத்தாவின் தலையும் உங்கள் தலையும் ஒரே அளவுதான்.

அப்படியானால் ஏன் இறுக்குகிறது? முன்னும் பின்னும் பிடித்துப் பக்கவாட்டில் சந்து விட்டால், சுற்றளவில் குறை இல்லை, வடிவம்தான் பொருந்தவில்லை. உங்கள் தலை தொப்பியைவிட நீள்வட்டமானது. மெல்லிய சாலிடர் கம்பியைப் புருவத்துக்கு மேலே நடுநெற்றி, காதுக்கு ஒரு செ.மீ. மேல், பின்மண்டையின் புடைப்பு என்று சுற்றி வளைத்து, வடிவம் கலையாமல் கழற்றித் தாளில் வைத்து வரைந்துகொள்ளுங்கள். தொப்பியின் உள்வாயை அதோடு ஒப்பிட்டால் எங்கே இடிக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். இங்கே தேவை வடிவத்தை மாற்றுவது, பெரிதாக்குவது அல்ல. எப்படி என்பதைச் சொல்வதற்கு முன் தொப்பி அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். அதைச் சொல்வது உள்ளே இருக்கும் தோல் பட்டை.

பழைய தொப்பியைக் கையில் எடுக்கும் எல்லாரும் வெளியே ஃபெல்ட்டின், அதாவது அழுத்திச் செய்த மயிர்த் துணியின், நிறத்தையும் ரிப்பனையும்தான் பார்க்கிறார்கள். நம் ஊர்ச் சீதோஷ்ணத்தில் ஒரு தொப்பி தலைக்குப் போகுமா, கண்ணாடி அலமாரிக்குப் போகுமா என்பதைத் தீர்மானிப்பது உள்பட்டை. ஃபெல்ட் அழுக்கானால் சுத்தம் செய்யலாம், நசுங்கினால் நிமிர்த்தலாம். தோல் செத்துவிட்டால் அதை உயிர்ப்பிக்க வழியில்லை.

உள்பட்டையை மெதுவாக வெளிப்பக்கம் மடக்கிப் பாருங்கள். ஆட்டுத்தோல், ஐந்தாறு செ.மீ. அகலம். விளிம்போடு சேரும் இடத்தில் மெல்லிய துணி மடிப்புக்குள் கம்பியோ பிளாஸ்டிக் இழையோ ஓடும். தோல் அந்தத் துணியில்தான் தைக்கப்பட்டிருக்கும். அந்தத் தையல் வரிசையை வெளிச்சத்தில் நெருங்கிப் பாருங்கள். தபால்தலை ஓரம் கிழிவதுபோல ஊசி ஓட்டைகள் வழியாகவே தோல் பிரியும். வியர்வை அதிகம் தங்கும் நெற்றிப் பக்கத்தில்தான் முதலில் தொடங்கும். பிறகு, வெளியே தெரியாத ஓரத்தில் நகத்தால் லேசாக அழுத்துங்கள். தோல் அமுங்கி எழுந்தால் நல்லது. விறைப்பாக இருந்து தூள் வராவிட்டால், காப்பாற்றலாம். செங்கல் நிறத் தூள் விரலில் ஒட்டினால் அந்தத் தோல் முடிந்தது. தாவரச் சாற்றில் பதப்படுத்திய தோலை வியர்வையின் அமிலமும் காற்றின் ஈரமும் வெப்பமும் சேர்ந்து இப்படி அரித்துவிடும்.

அந்தத் தூள் கட்டத்தில் தேங்காய் எண்ணெயோ ஷூ பாலிஷோ தடவாதீர்கள். பலர் அன்போடு செய்யும் காரியம் இது. தோல் கறுத்து இன்னும் பொடியும். எண்ணெய் தையல் வழியே ஃபெல்ட்டுக்கு ஊறி, ரிப்பனுக்கு வெளியே கறை வளையமாக வந்து நிற்கும். தூளாகும் தோலைக் கட்டிவைக்க அருங்காட்சியகங்களில் க்ளூசெல் ஜி என்ற பொருளை ஆல்கஹாலில் கரைத்துப் பூசுவார்கள். அது பாதுகாத்து வைக்கத்தான், போட்டுக்கொள்வதற்கு அல்ல. போட வேண்டுமென்றால் புதுப்பட்டை தைக்க வேண்டும். தைப்பவரிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: ஃபெல்ட்டில் ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகளிலேயே ஊசி போக வேண்டும், கையால். பக்கத்தில் புது ஓட்டை வரிசை போட்டால் விளிம்பு அந்தக் கோட்டில் கிழியும். கழற்றிய பட்டையையும் அதன் பின்னால் ஒட்டியிருக்கும் அளவுத் தாளையும் உறையில் போட்டு வையுங்கள். தொப்பிக்கு அதுதான் பிறப்புச் சான்று.

தோல் வெறும் விறைப்புதான் என்றால் தோலுக்கான கண்டிஷனர், வெள்ளை நிறக் களிம்பு, ஒரு பயறளவு போதும். பட்டையின் முகப்பில் மட்டும், தையலுக்கு அரை செ.மீ. தள்ளி. அரை மணி நேரம் கழித்து உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். பொன் எழுத்து முத்திரைமேல் எதுவும் படக்கூடாது, அது விரலோடு வந்துவிடும். ஆனால் இதெல்லாம் பூஞ்சையை எடுத்த பிறகுதான்.

பூஞ்சைக்கு வரிசை முக்கியம். ஈரப் பூஞ்சையைத் தேய்த்தால் அது ஃபெல்ட்டின் மயிருக்குள் இன்னும் ஆழமாகப் போகும். முதலில் உலர வையுங்கள்: மூடி இறுக்கமான பெரிய பிளாஸ்டிக் பெட்டி, அடியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் கால் கிலோ, அதற்கு மேல் தட்டு, அதன்மேல் தொப்பி. மூன்று நான்கு நாளில் பூஞ்சை பொடியாகும். பிறகு வீட்டுக்கு வெளியே, என்95 முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, குதிரைமயிர்ப் பிரஷால் மெல்லத் துலக்குங்கள். வேக்குவம் வாயில் கொசுவலைத் துண்டைக் கட்டிக் குறைந்த வேகத்தில் பக்கத்தில் பிடித்தால் தூள் பரவாது. ஃபெல்ட்டை எப்போதும் ஒரே திசையில், மேலிருந்து பார்க்கக் கடிகார முள்ளுக்கு எதிராகத் துலக்க வேண்டும். மயிர் அந்தப் பக்கம்தான் படிந்திருக்கும். உள்பட்டை தூளாகாத நிலையில் இருந்தால் 70 சதவீத ஆல்கஹால் தொட்ட பஞ்சைப் பிழிந்து, ஓரிடத்தில் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டுத் துடையுங்கள். மொட்டை வெயிலில் காயப்போடும் நம் வீட்டுப் பழக்கம் இதற்கு ஆகாது. ரிப்பன் வெளுக்கும், தோல் சுருங்கும். நிழலும் காற்றும் போதும். முடை நாற்றமும் அதிலேயே குறையும். நெற்றிப் பக்க எண்ணெய்க் கறைக்கு முல்தானிமட்டி அல்லது சோளமாவைத் தூவி ஒரு நாள் விட்டுத் துலக்கினால் பெருமளவு இறங்கும். ஒரே தடவையில் போகாது, இரண்டு மூன்று முறை செய்யலாம்.

இப்போது கெட்டில். நண்பர் சொன்னது புதுத் தொப்பிக்குச் சரி. பழைய, அரிபட்ட தோல்மேல் வெந்நீர் ஆவி பட்டால் அது சுருண்டு கட்டையாகிவிடும். திரும்பவே திரும்பாது. தொப்பியைப் பெரிதாக்கப் போய் ஒரு அளவு சிறிதாக்கிய கதையாகும். இன்னொரு காரணமும் இருக்கிறது. முயல் மயிரை ஃபெல்ட்டாக்க அந்தக் காலத் தொழிற்சாலைகளில் பாதரச நைட்ரேட் பயன்பட்டது. அமெரிக்காவில் 1941 டிசம்பரில்தான் அதை நிறுத்தினார்கள். கனெக்டிகட்டில் டான்பரி நகரத் தொப்பித் தொழிலாளிகளின் கை நடுக்கத்துக்கு ஊர்ப் பெயரே வந்துவிட்டது. பழைய ஃபெல்ட்டில் அந்தப் பாதரசம் இன்னும் தங்கியிருக்கக்கூடும். உங்கள் தொப்பி செய்யப்பட்ட ஆண்டு தெரியாத வரை, மூடிய சமையலறையில் அதைச் சூடாக்கி முகத்தை அருகில் வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள். போட்டுக்கொள்வதற்கும் அந்த ஆண்டு முக்கியம். அளவுத் தாளை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். பாதரசம் பயன்பட்ட காலத்தது என்று தெரிந்தால் கல்யாணத்துக்கு வேறு தொப்பி பார்ப்போம்.

வடிவத்தை மாற்ற ஆவி வேண்டியதே இல்லை. மரத்தில் இரண்டு பாதிகளும் நடுவில் திருகும் உள்ள தொப்பி விரிப்பான் கிடைக்கிறது. உள்பட்டை நல்ல நிலையில் இருந்தால் மட்டும், திருகு முன்பின்னாக இருக்கும்படி உள்ளே வைத்து, கைக்கு இறுகும் வரை திருப்புங்கள். மறுநாள் கால் சுற்று, அடுத்த நாள் கால் சுற்று. முன்பின் நீளும்போது பக்கங்கள் தாமாக உள்ளே வரும், சந்தும் மூடும். தையலில் சின்னதாகப் படபடவென்ற சத்தம் கேட்டால் உடனே தளர்த்துங்கள். அரை செ.மீ.க்கு மேல் ஆசைப்பட வேண்டாம். ஒரு விரல் உள்ளே நுழையும் தளர்வுதான் சரியான பொருத்தம்.

விரிசல் வந்தது தாத்தாவின் கையால். தினமும் முன்னால் கிள்ளித் தூக்கியதில் அந்த ஒரே மடிப்பு தேய்ந்திருக்கிறது. முழுதாக மறையாது. உள் லைனிங்கை ஓரத்தில் பிரித்து, விரிசலைவிட ஒரு செ.மீ. பெரிதான மெல்லிய பட்டுத் துண்டைத் துணிப் பசையால் பின்பக்கம் ஒட்டினால் மேலும் ஓடாது. பசை வெளியே கசியாமல் துளித் துளியாக வையுங்கள். இனி இரண்டு கையால், முன் விளிம்பையும் பின் விளிம்பையும் பிடித்தே எடுங்கள். வரவேற்பில் ஒவ்வொரு மாமாவும் வாங்கிப் பார்க்கக் கேட்பார். அவருக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

மழையில் நனைந்தால் உச்சியின் குழிவை உள்ளிருந்து வெளியே தள்ளி, உள்பட்டையை வெளியே மடக்கி அதன்மேல் தொப்பியை நிற்க வைத்து மின்விசிறிக் காற்றில் உலர விடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். மலாய்த் தொப்பியான சொங்கோக்கைக் காரின் பின் கண்ணாடியடியில் வைக்கும் வழக்கம் இங்கே எல்லாருக்கும் உண்டு. ஃபெல்ட் தொப்பிக்கு அந்த இடத்தில் ஒரு மத்தியானம் போதும், உள்பட்டை சுருங்கிவிடும்.

வைக்கும் இடம்தான் உங்களுக்கு நிரந்தர வேலை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்கு வசதி. பட்டர்வொர்த்தில் அது பெரும்பாலும் அதற்கு மேல்தான். கோலாலம்பூர் கொண்டோக்களில் இரவு ஏர்கோன், பகலில் பூட்டிய அறை என்று ஏறி இறங்குவதும் தோலுக்கு நல்லதல்ல. கேமராக்காரர்கள் வைத்திருக்கும் டிரை கேபினட் ஒன்றை 50 சதவீதத்தில் வையுங்கள். அதன் ஈரப்பத மீட்டரை அப்படியே நம்பாதீர்கள். ஒரு பாட்டில் மூடியில் உப்பைச் சேறாக நனைத்து, தனி மீட்டரோடு ஜிப் பையில் எட்டு மணி நேரம் மூடி வைத்தால் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் அந்த மீட்டர் ஐந்து கூட்டிச் சொல்கிறது என்று கணக்கு. அதைக் கேபினட்டுக்குள் வைத்து ஒப்பிடுங்கள். கேபினட்டுக்குச் செலவழிக்க முடியாதென்றால் அதே பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஆரஞ்சு மணிகள் பச்சையானதும் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தெடுத்தால் மறுபடி வேலை செய்யும். தொப்பியை விளிம்பில் உட்கார வைக்காதீர்கள், விளிம்பின் வளைவு தட்டையாகும். உச்சி கீழாகக் கவிழ்த்து வையுங்கள். அந்துருண்டை வேண்டவே வேண்டாம். லைனிங்கின் நடுவில் இருக்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு அதன் வாடையில் இளகி ஒட்டிக்கொள்ளும். பனாமா வைக்கோல் தொப்பி எப்போதாவது வாங்கினால் அதை இந்தக் கேபினட்டில் சேர்க்காதீர்கள். உலர்ந்த காற்றில் வைக்கோல் வெடிக்கும்.

லோரோங் கூலிட் ஸ்டெட்சனுக்கு வருவோம். அது அமெரிக்க அளவு, ஆகவே உங்களுக்கு 7¼. 7⅜ கிடைத்தாலும் வாங்கலாம், உள்பட்டைக்குப் பின்னால் அமிலமற்ற டிஷ்யூ தாளை மடித்து வைத்தால் சரியாகும். 7⅛ என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். 3எக்ஸ், 5எக்ஸ் என்ற தரக் குறிகளை வைத்து விலை பேச விடாதீர்கள். ஒரே கம்பெனியிலேயே காலத்துக்குக் காலம் அவற்றின் பொருள் மாறியிருக்கிறது. உள்பட்டைக்குப் பின்னால் பாருங்கள்: யுனைடெட் ஹேட்டர்ஸ், கேப் அண்ட் மில்லினரி வொர்க்கர்ஸ் என்ற தொழிற்சங்கத் தாள் இருந்தால், அந்தச் சங்கம் உருவான 1934-க்குப் பிந்தையது. பார்கோடு இருந்தால் பழசே அல்ல. ஃபெல்ட்டை இரு விரலுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். மயிர் ஃபெல்ட் மெல்லியதாக, வழவழப்பாக இருக்கும், லேசாக மடக்கி விட்டால் தானே நிமிரும். கம்பளி ஃபெல்ட் தடிமனாக, சொரசொரப்பாக இருக்கும், நம் மழையில் சுருங்கும். கைபேசி விளக்கை உள்ளே வைத்து வெளியே பார்த்தால் பூச்சி அரித்த ஊசித்துளைகள் தெரியும். இரண்டு மூன்று இருந்தால் பொறுக்கலாம். ரிப்பன் ஓரமாக வரிசையாக இருந்தால் வேண்டாம்.

வாங்கினால் நேரே தாத்தாவின் தொப்பி பக்கத்தில் கொண்டுபோய் வைக்காதீர்கள். உலர்ந்த நிலையில் பிளாஸ்டிக் பையில் காற்றை எடுத்துக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம். பூச்சியும் முட்டையும் சாகும், பூஞ்சை சாகாது, அதற்கு மேலே சொன்னதுதான். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் 24 மணி நேரம் விடுங்கள். உடனே திறந்தால் நம் காற்றின் ஈரமெல்லாம் குளிர்ந்த ஃபெல்ட்டின்மேல் தண்ணீராகப் படியும்.