மலாய்க்குப் போன கப்பல்

அன்புள்ள ஐயா,

போன மாதம் குடும்பத்தோடு மலேசியா போய்வந்தோம். எங்கே திரும்பினாலும் நம் சொற்கள்! கடைக்குக் ‘கெடாய்’, கப்பலுக்குக் ‘காப்பால்’, கட்டிலுக்குக் ‘காத்தில்’. ஒரு நோட்டே போட்டுவிட்டேன். பால் பாக்கெட்டில் ‘சுசு’ என்று இருந்ததைப் பார்த்து என் பையன் கடையிலேயே விழுந்து விழுந்து சிரித்தான், எனக்கு மானமே போனது. அடுத்து கொரியா. அங்கேயும் ‘அப்பா’தானாமே? போகும் முன் எவ்வளவு மொழி கற்றுக்கொள்ள வேண்டும்?

ரா.

அன்புள்ள ரா.,

பையனை அதட்டியிருந்தால் முதலில் அவனைச் சமாதானப்படுத்துங்கள். புதுச் சொல் காதில் விழுந்ததும் சிரிக்கிற பிள்ளை அந்த மொழிக்குள் பாதி நுழைந்துவிட்டான்.

நீங்கள்தான் கொடுத்த கடனை வசூலிக்கப் போனவர் மாதிரி ஊர் முழுக்க நம் சொல்லையே தேடியிருக்கிறீர்கள். கடை, கப்பல், கட்டில் மூன்றும் தமிழிலிருந்து போனவைதான், சந்தேகமில்லை. போன பிறகு அவை என்ன ஆயின என்று பார்த்தீர்களா? நீங்கள் போய் இறங்கிய விமானத்துக்கே மலாயில் ‘காப்பால் தெர்பாங்’ என்று பெயர் உண்டு, பறக்கும் கப்பல். நீர்மூழ்கி ‘காப்பால் செலாம்’. நாம் கொடுத்த கப்பலை அவர்கள் பறக்கவும் விட்டார்கள், முங்கவும் விட்டார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு ‘நம் சொல்’ என்று மட்டும் எழுதி வைத்தால் எப்படி?

கொரிய ‘அப்பா’வை விடுங்கள். ப, ம எல்லாம் எந்த ஊர்க் குழந்தைக்கும் சீக்கிரம் வாயில் வருகிற ஒலிகள், அதை வைத்து உறவு கொண்டாட முடியாது.

பினாங்கு மலைப்பாதையில் ஒரு பெரியவர், பாறை இடுக்கில் நீர் கசிகிற இடத்தில் நின்று ‘மாத்தா ஆயர்’ என்றார். நான் விழித்ததும் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார், அப்புறம் அந்த ஈரத்தில் விரலை வைத்தார். மாத்தா என்றால் கண், ஆயர் என்றால் தண்ணீர். நாமும் ஊற்றுக்கண் என்றுதானே சொல்கிறோம்! இதில் ஒரு சொல்லும் நாம் கொடுத்ததில்லை, ஆனாலும் கசிகிற நீரில் அவர்களுக்கும் கண்தான் தெரிந்திருக்கிறது. சூரியனைக் காட்டிக் கேட்டேன், ‘மாத்தாஹாரி’ என்றார், பகலின் கண். எனக்கு அன்றைக்குக் கிடைத்த சந்தோஷம் கெடாய், காத்தில் எதிலும் கிடைத்ததில்லை. உங்கள் நோட்டில் இப்படி ஒன்றாவது இருக்கிறதா?

எவ்வளவு கற்பது என்றீர்கள். கொரிய எழுத்தில் அடிப்படை 24தான், எழுத்துக்கூட்டப் பழகிக்கொள்ளுங்கள், பெயர்ப்பலகையாவது படிக்கலாம். வணக்கம், நன்றி, ‘இது என்ன?’ இவ்வளவு போதும். கடைசியதை மட்டும் நாள் முழுக்கக் கேளுங்கள், கூச்சப்படாமல்.