அட்டையில்லாத ஆர்ச்சி இதழின் ஆண்டைக் கண்டறிதல்

வணக்கம். அட்டை கிழிந்துபோன உங்கள் ஆர்ச்சி என்ற அமெரிக்கப் படக்கதை இதழ் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று கேட்டிருந்தீர்கள். முதல் பக்கத்தின் அடியில் மிகச் சிறிய எழுத்தில் பதிப்பு விவரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அது அட்டையின் உட்புறத்தோடு போயிருந்தால் விளம்பரங்களையே நம்ப வேண்டும். அமெரிக்க அஞ்சல் துறை ஐந்து இலக்க ஜிப் குறியீட்டை 1963 ஜூலையில்தான் அறிமுகப்படுத்தியது என்பதால், விளம்பர முகவரிகளில் அந்த எண் இருந்தால் இதழ் அதற்குப் பிற்பட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். எண் இல்லாததை மட்டும் வைத்து முற்பட்டது என்று முடிவு கட்டிவிட முடியாது, ஏனெனில் விளம்பரதாரர்கள் எல்லோரும் உடனே மாறிவிடவில்லை. சூனியக்காரச் சிறுமி சப்ரினா தலைகாட்டினால் 1962-க்கு முந்தைய இதழாக இருக்க வழியில்லை.

கதாபாத்திரங்களின் உடையையும் சிகையலங்காரத்தையும் வைத்துக் காலத்தைக் கணிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கதையில் வரும் பணக்காரர் லாட்ஜின் வீட்டுப் பூச்சாடியை ஆர்ச்சி உடைப்பது போன்ற பழைய கதைகளை, இதழை வெளியிட்ட நிறுவனம் பிற்காலத்தில் திரும்பத் திரும்ப மறுபதிப்புச் செய்தது. குறிப்பாக 1973-இல் தொடங்கிய சிறிய அளவு டைஜஸ்ட் இதழ்களில் இது மிகுதி. உங்களுடையது உள்ளங்கையளவு இதழென்றால் கதையின் வயதும் தாளின் வயதும் பெரும்பாலும் வேறாகவே இருக்கும்.

கிழிந்த ஓரத்தில் தயவுசெய்து செல்லோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை தாளில் ஊறி நிரந்தரக் கறையாகிவிடும்.