வாசகர் கேள்வி: டிரை சம்ப் டேங்கின் ப்ரீதரில் ஆயில் வருவது ஏன்?

கேள்வி: துபாயில் ஒரு கராஜில் மெக்கானிக்காக இருக்கிறேன், இப்போது விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கிறேன். எங்கள் கராஜில் பழைய அமெரிக்க வி-8 மஸில் கார் ஒன்றுக்கு டிரை சம்ப் பொருத்தினோம். நீண்ட தூரம் ஓடிவந்தால் டேங்கின் ப்ரீதர் (காற்று வெளியேறும் குழாய்) வழியாக ஆயில் தள்ளுகிறது. வேகம் கூட்டும்போது ஆயில் பிரஷர் முள்ளும் நடுங்குகிறது. தவறு எங்கே இருக்கும்?
- வாசகர், கீழக்கரை

பதில்: தென்கடலில் அலை புரட்டும் நாளில் விசைப்படகு ஒரு பக்கம் சாயும்போது, என்ஜினின் அடித்தொட்டியான சம்பிலுள்ள ஆயிலும் அந்தப் பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுத்து, பிரஷர் முள் சட்டென்று இறங்குவதை நீங்கள் பாம்பனில் பார்த்திருக்கலாம். வளைவில் வேகமாகத் திரும்பும் காரிலும் இதுவே நடக்கிறது. அதைத் தவிர்ப்பதற்காகவே டிரை சம்ப் அமைப்பில் ஆயிலைக் கீழே தேங்கவிடாமல் உறிஞ்சி, உயரமான தனி டேங்கில் சேர்த்து, அதன் அடியிலிருந்து என்ஜினுக்குத் தருகிறோம். 2006ஆம் ஆண்டின் கார்வெட் இசட்06 காருடைய 7 லிட்டர் என்ஜின் இந்த அமைப்புடனேயே விற்பனைக்கு வந்தது.

இதில் பலரும் கவனிக்கத் தவறுவது காற்றைத்தான். சம்பிலிருந்து உறிஞ்சும் பம்புகளின் மொத்தக் கொள்ளளவு, என்ஜினுக்கு ஆயில் தரும் பம்பைவிட அதிகமாக இருப்பதால், அவை ஆயிலோடு ஏராளமான காற்றையும் பிஸ்டன் ஓரமாகக் கசியும் புகையையும் சேர்த்து டேங்குக்குத் தள்ளுகின்றன. அவ்வளவும் வெளியேற ப்ரீதர் ஒன்றே வழி. அந்த ஹோஸ் முக்கால் அங்குல உள்விட்டத்துக்குக் குறையாமல், டேங்கின் உச்சியிலிருந்து மேல்நோக்கியே சென்று, பிறகு சேகரிப்பு டப்பாவில் இறங்க வேண்டும். நடுவில் ஒரு தொய்வு இருந்தாலும் அங்கே ஆயில் தேங்கி வழியை அடைத்துவிடும். பின்னால் வரும் காற்று அதை அப்படியே டப்பாவுக்குள் தள்ளும். திரும்பிவரும் ஆயில் டேங்கின் உட்சுவரைத் தழுவிச் சுழன்று இறங்கும்படி வாயைப் பக்கவாட்டில் பொருத்தியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அந்தச் சுழற்சியில்தான் காற்று பிரிகிறது.

ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது ஆயில் அளவையே. இரவு முழுவதும் வண்டி நிற்கும்போது டேங்கிலுள்ள ஆயில் பம்பின் இடுக்குகள் வழியாகச் சம்புக்குள் இறங்கிவிடும். காலையில் டேங்கைப் பார்த்து, குறைந்துவிட்டதென்று ஊற்றினால், என்ஜின் ஓடியதும் அது நிரம்பி ப்ரீதர் வழியாகத்தான் வெளியேறும். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலில் ஓடும்போதோ நிறுத்திய உடனேயோ மட்டும் அளவு பாருங்கள்.

முள் நடுங்குவதற்கு, டேங்கின் அடியிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸைச் சோதியுங்கள். அது ஒரு அங்குல அளவில், கூரான எல்போ (முழங்கை போல் மடங்கிய இணைப்பு) இல்லாமல், அகன்ற வளைவுகளோடு இருப்பது நல்லது. உறிஞ்சும் பக்கத்தில் இணைப்பு தளர்ந்திருந்தால், என்ஜின் ஓடும்போது ஆயில் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். இளநீர்க் குழலில் சிறு கீறல் விழுந்தால் எவ்வளவு உறிஞ்சினாலும் நீர் சரியாக ஏறாதல்லவா, அதைப் போன்றதே இது. ஆகவே வெளியே ஈரமில்லை என்பதை வைத்து இணைப்பு சரியென்று முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொன்றையும் கழற்றி, ஓ-ரிங்குகளையும் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) ஹோஸின் உட்சுவரையும் பாருங்கள்.

மீண்டும் பொருத்திய பின் நேரடியாக ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பம்பின் பெல்ட்டைக் கழற்றி, வழக்கமாகச் சுழலும் திசையிலேயே பம்பை டிரில் கொண்டு சுழற்றி, பிரஷர் முள் ஏறிய பிறகே பெல்ட்டை மாட்டுங்கள்.