ஓட்டோகாட்டுக்குள் நிரல் எழுதலாம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நில அளவையாளர் ஒருவரின் அலுவலகத்தில் படவரைஞராக வேலை செய்கிறேன். பெரிய காணிகளைத் துண்டுகளாகப் பிரிக்கும் படங்களில், ஒவ்வொரு துண்டின் பரப்பளவையும் கணினியில் படம் வரையும் ஓட்டோகாட் மென்பொருளில் எடுத்து, கல்குலேற்றரில் ஏக்கர், றூட், பேர்ச்சஸாக மாற்றி, துண்டுக்குள் எழுதுவதிலேயே நாளின் பெரும்பகுதி போய்விடுகிறது. நிரல் எழுதினால் இது சுலபம் என்கிறார்கள். எனக்கு நிரலாக்கம் சிறிதும் தெரியாது. பொதுவான நிரல்மொழியான பைதன் படிப்பதா, ஓட்டோகாட்டுக்கே உரிய ஓட்டோலிஸ்ப் படிப்பதா?
– வாசகி, பரந்தன்

பதில்: ஓட்டோலிஸ்பையே முதலில் படியுங்கள். பைதன் நல்ல மொழிதான். நாளை கியூஜிஐஎஸ் போன்ற புவியியல் தகவல் மென்பொருளில் வேலை செய்ய நேர்ந்தால் பெரிதும் கைகொடுக்கும். ஆனால், ஓட்டோகாட்டை அதைக்கொண்டு இயக்க வேண்டுமென்றால் வெளியிலிருந்து தொடர்பு ஏற்படுத்தும் தொகுதிகளைத் தனியே நிறுவ வேண்டும். ஓட்டோலிஸ்போ 1986 முதல் ஓட்டோகாட்டுடனேயே வருகிறது. நோட்பாடில் எழுதிச் சேமித்து, ‘ஆப்லோட்’ கட்டளையால் ஏற்றினால் அப்போதே இயங்கும். உங்கள் அலுவலகத்தில் இருப்பது வசதிகள் குறைந்த ஓட்டோகாட் எல்டி என்றால் மட்டும் பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்டியில் இந்த வசதி 2024ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வந்தது.

நீங்கள் சொன்ன வேலையே மிகச் சிறந்த முதற்பாடம். கணினியைத் தொடுமுன், கையால் செய்வதை ஒரு தாளில் வரிவரியாக எழுதுங்கள்: துண்டின் எல்லையான மூடிய பொலிலைனை (தொடர்கோட்டை) தெரிவு செய்கிறேன், பரப்பளவை எடுக்கிறேன், மாற்றுகிறேன், எழுத்து வரவேண்டிய இடத்தைச் சுட்டுகிறேன், எழுதுகிறேன். இந்த வரிகளுக்கு உரிய சொற்கள் மொழியில் ஏற்கெனவே இருக்கின்றன. ‘என்ட்செல்’ உங்களைத் தெரிவு செய்யச் சொல்லும். ‘ஏரியா’ கட்டளை அளந்த பெறுமானத்தை ஓட்டோகாட் அதே பெயருள்ள மாறியில் வைத்திருக்க, ‘கெட்வார்’ அதை எடுத்துத் தரும். ‘செட்க்யூ’ அதற்கொரு பெயரிட்டு வைத்துக்கொள்ளும். ‘கெட்பொயின்ட்’ இடத்தைக் கேட்கும். எல்லாம் அடைப்புக்குறிக்குள், செயல் முதலிலும் அது எதன்மீது நடக்கிறதோ அது பின்னாலுமாக எழுதப்படும். திறந்த அடைப்புக்குறிகள் அத்தனையும் மூடப்பட்டிருக்க வேண்டும். தொடக்கத்தில் ஆட்களைச் சோரவைப்பது பெரும்பாலும் இந்த ஒன்றுதான்.

இதில் உண்மையான நுணுக்கம் மொழியில் இல்லை, கணக்கில் இருக்கிறது. படம் மீற்றரில் வரையப்பட்டிருந்தால் 25.29 சதுர மீற்றர் ஒரு பேர்ச். 40 பேர்ச்சஸ் ஒரு றூட். 4 றூட் ஓர் ஏக்கர். 11,068 சதுர மீற்றர் துண்டொன்று 437.6 பேர்ச்சஸ், அதாவது 2 ஏக்கர் 2 றூட் 37.6 பேர்ச்சஸ். இப்போது 79.97 பேர்ச்சஸ் வரும் ஒரு துண்டை எண்ணிப் பாருங்கள். முதலில் பிரித்துவிட்டுப் பிறகு தசமத்தை ஓரிடத்துக்கு மட்டந்தட்டும் நிரல் ‘1 றூட் 40.0 பேர்ச்சஸ்’ என்று எழுதிவிடும். அது 2 றூட் என்றல்லவா வர வேண்டும்? ஆகவே முதலிலேயே பேர்ச்சின் பத்திலொரு பங்கை அலகாகக் கொண்டு, கிட்டிய முழு எண்ணாக்கிவிடுங்கள். 437.6 என்பது 4376 ஆகும். ஓட்டோலிஸ்பில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மிச்சம் வெட்டுப்பட்டு முழு எண்ணே விடையாகும். வேறிடங்களில் பிழைக்குக் காரணமாகும் அந்த இயல்பு இங்கே உங்களுக்குச் சாதகம். 4376ஐ 1600ஆல் வகுக்க 2 ஏக்கர். மீதி 1176ஐ 400ஆல் வகுக்க 2 றூட். மீதி 376, அதுவே 37.6 பேர்ச்சஸ்.

எழுதி முடித்ததும், ஏற்கெனவே கையொப்பமாகிய பழைய படமொன்றில் எல்லாத் துண்டுகளையும் நிரலால் கணித்து ஒப்பிடுங்கள். ஒரு துண்டிலாவது வேறுபாடு இருந்தால், காரணம் தெரியும்வரை அதைப் புதிய வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம். படத்துக்குப் பொறுப்பாளர் நிரலன்று, அதில் ஒப்பமிடும் நில அளவையாளர்.

கேள்வி: வாய்க்கால் குறுக்குவெட்டுகளை வரையும் நிரலொன்றைப் பயன்படுத்துகிறேன். தரவும் மட்டங்களும் சரி. ஆனால் சில வேளைகளில் கோடுகள் தம் இடத்தை விட்டுப் பக்கத்துக் கோடுகளில் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஏன்?
– வாசகர், முல்லைத்தீவு

பதில்: நீங்கள் படத்தைத் தூரத்தில் வைத்துப் பார்க்கும்போதே இது நிகழ்கிறது என்று நினைக்கிறேன். புள்ளிகளைக் கோட்டு முனைகளோடு தானாக ஒட்டவைக்கும் ‘ஒப்ஜெக்ட் ஸ்நாப்’ வசதி இயங்கிக்கொண்டிருக்கையில், நிரல் ‘கொமாண்ட்’ வழியாகக் கொடுக்கும் புள்ளியையும் ஓட்டோகாட் அருகிலுள்ள முனையோடு சேர்த்துவிடும். திரையில் கோடுகள் நெருங்கியிருந்தால் அரை மீற்றர் தள்ளியிருப்பதும் அருகில்தான். நிரலின் தொடக்கத்தில், இந்த ஸ்நாப்பைக் கட்டுப்படுத்தும் ‘ஓஎஸ்மோட்’ மாறியின் பெறுமானத்தைப் பத்திரப்படுத்தி, அதைப் பூச்சியமாக்கி, முடிவில் பழையபடி வையுங்கள். இடையில் யாராவது எஸ்கேப் விசையை அழுத்தினால் அந்த முடிவு வரி இயங்காமலே போய், ஸ்நாப் முழுவதும் அணைந்தபடி கிடக்கும். ஆகவே, பிழை நேரும்போது இயங்கும் ‘எரர்’ செயற்கூற்றிலும் அதே வரியைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

கேள்வி: இணையத்தில் கிடைக்கும் லிஸ்ப் நிரல்களை அப்படியே ஏற்றலாமா?
– வாசகர், வவுனியா

பதில்: வாசித்துப் புரிந்த பிறகு ஏற்றலாம். 2012இல் கண்டறியப்பட்ட ‘ஏகாட் மெட்ரே’ என்ற தீநிரல் ஓட்டோலிஸ்பிலேயே எழுதப்பட்டது. பெரு நாட்டில் பரவலாகத் தொற்றி, திறந்த வரைபடங்களை மின்னஞ்சலில் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. ‘செக்யூர்லோட்’ மாறியைப் பூச்சியமாக்காதீர்கள். அறியாத இடத்திலிருந்து கோப்பு ஏறும்போது அது உங்களைக் கேட்கும். யாரேனும் அனுப்பிய கோப்புறையில் வரைபடத்துடன் கூடவே ‘ஏகாட்டொக்’ என்ற பெயரில் லிஸ்ப் கோப்பொன்று வந்திருந்தால், அது வரைபடத்தோடு தானாகவே ஏறிவிடக்கூடும் என்பதால், வரைபடத்தைத் திறக்குமுன் அதை அகற்றிவிட்டு, அனுப்பியவரிடமும் தெரிவியுங்கள்.