“சேல்ஸ்மேன் தெரியாமல் சொல்லிவிட்டார், நாங்கள் என்ன செய்ய?” என்கிறது ஷோரூம்

கேள்வி: வணக்கம் சார். கும்பகோணத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். வீட்டிலிருந்து கடை 2 கிலோமீட்டர், மதியம் சாப்பாட்டுக்கு ஒருமுறை, சாயங்காலம் பையன் டியூஷன், அவ்வளவுதான் என் ஓட்டம். திருச்சி ஷோரூமில் இதையெல்லாம் சொல்லித்தான் கார் கேட்டேன். “டீசல் எடுங்க சார், லோக்கலுக்கும் அதுதான் லாபம்” என்று சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ் சொன்னார். 14 லட்சம். டெலிவரி எடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஏழாவது மாதத்திலிருந்து டிபிஎஃப் (புகை வடிகட்டி) விளக்கு எரிகிறது, பிக்கப் போய்விடுகிறது, மூன்று முறை சர்வீஸில் விட்டேன். இப்போது டிபிஎஃப் மாற்ற ஒரு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். வாரன்டி கிடையாதாம், “நீங்கள் ஓட்டும் விதம் சரியில்லை, மேனுவலிலேயே போட்டிருக்கிறது” என்கிறார்கள். விற்றவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார், அவருக்கு டிபிஎஃப் பற்றித் தெரியாது என்று மேனேஜரே சொல்கிறார். வழக்குப் போட முடியுமா?

பதில்: போடலாம். ஆனால் நீங்கள் நினைக்கிற வழக்கை அல்ல.

முதலில் வண்டியில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தபிறகு விற்கப்படும் டீசல் கார்களில் புகைக்குழாய் வழியில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது, கரித்துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்ததை அவ்வப்போது எரித்துத் தள்ளவும் வேண்டும், அதற்கு இன்ஜின் நன்றாகச் சூடாகி, கொஞ்ச நேரம் ஒரே சீரான வேகத்தில் வண்டி ஓட வேண்டும். உங்கள் கார் தினமும் இரண்டு கிலோமீட்டர் ஓடி, சூடேறுவதற்குள் நின்றுவிடுகிறது. எரிக்க ஆரம்பித்து பாதியில் அணைந்தால் அடைப்பு கூடும், சில வண்டிகளில் அதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் இன்ஜின் ஆயிலில் கலந்து ஆயில் அளவே ஏறிவிடும். ஆக, வண்டியில் கோளாறு இல்லை. உங்கள் தேவைக்கு அந்த வண்டி பொருந்தாது, விற்றவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் “உற்பத்திக் குறைபாடு” என்ற வார்த்தையை மனுவில் எழுதவே எழுதாதீர்கள். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். அப்படி எழுதினால் பரிசோதனை, நிபுணர் அறிக்கை என்று வழக்கு இழுக்கும், கடைசியில் வடிகட்டி வடிவமைத்தபடிதான் வேலை செய்கிறது என்று அறிக்கை வந்து நீங்கள் தோற்பீர்கள். அப்படியே ஜெயித்தாலும், ஒரு பாகத்தில் குறை என்பதற்காக முழு காரையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று மாருதி வழக்கு ஒன்றில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் வழக்கு வண்டியைப் பற்றியதல்ல, வண்டியைப் பற்றிச் சொன்ன பேச்சைப் பற்றியது.

சரி, “அவருக்குத் தெரியாது” என்ற பதிலுக்கு வருவோம். மேனேஜர் இதைத் தற்காப்பு என்று நினைத்துச் சொல்கிறார். எனக்கு அது பாதி ஒப்புதல் வாக்குமூலம் மாதிரிதான் தெரிகிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 18-ஐப் பாருங்கள்: தன் கையில் இருக்கும் தகவல் இடம்கொடுக்காதபோது, உண்மையில்லாத ஒன்றை அடித்துச் சொல்வது தவறான எடுத்துரைப்பு, சொன்னவர் அதை உண்மை என்று நம்பியிருந்தாலும் சரி. பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் இருந்ததாக நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. தெரியாவிட்டால் “கேட்டுச் சொல்கிறேன் சார்” என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதே சட்டத்தின் பிரிவு 238 இன்னும் நேரடியானது, முதலாளியின் வேலையைப் பார்க்கும்போது முகவர் சொல்லும் தவறான பேச்சு முதலாளியே சொன்னதற்குச் சமம். அந்த சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ் வேலையை விட்டுப் போனதால் ஷோரூமின் பொறுப்பு கூடவே போய்விடாது. அவரைத் தேடிப்பிடித்து எதிர்தரப்பாகச் சேர்க்க வேண்டும் என்றும் இல்லை.

விற்பவருக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்பதில் இங்கிலாந்து நீதிமன்றங்களின் கார் தீர்ப்புகள் இரண்டைச் சேர்த்துப் படித்தால் விஷயம் பளிச்சென்று புரியும். 1957-ல் பதிவான தீர்ப்பில் ஒரு தனிநபர், பதிவுப் புத்தகத்தை நம்பித் தன் மோரிஸ் காரை 1948 மாடல் என்று டீலரிடம் கொடுத்தார், அது 1939 வண்டி. அவர் பொறுப்பில்லை என்றது நீதிமன்றம், அவருக்கு அதற்கு மேல் தெரிந்துகொள்ள வழியில்லை. 1965 தீர்ப்பில் ஒரு டீலர், மாற்று இன்ஜின் போட்டபிறகு 20,000 மைல்தான் ஓடியது என்று சொல்லி ஒரு பென்ட்லியை விற்றார், உண்மையில் ஒரு லட்சம் மைல் அளவுக்கு ஓடியிருந்தது. அவர் மாட்டிக்கொண்டார், டீலர் என்பவர் தெரிந்துகொள்ளக்கூடிய இடத்தில் இருப்பவர். இவை நம் நுகர்வோர் ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் வாதத்துக்கு நன்றாக உதவும். உங்கள் கடைக்கே வாருங்களேன். வாடிக்கையாளர் தனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லிக் கேட்டபிறகு நீங்கள் ஒரு சிரப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, “அதில் சர்க்கரை இருப்பது எனக்குத் தெரியாது” என்றால் யாராவது ஒத்துக்கொள்வார்களா?

அடுத்து சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 16. எதற்காக வாங்குகிறேன் என்று சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், அந்தக் காரியத்துக்குச் சரக்கு பொருந்த வேண்டும் என்பது எழுதப்படாத நிபந்தனை. எதிர்தரப்பு வக்கீல் உடனே எழுந்து, “பெயர் சொல்லி, மாடல் சொல்லி வாங்கிய பொருளுக்கு இந்த நிபந்தனை கிடையாது” என்பார். அப்படி ஒரு விலக்கு அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. அதற்குப் பதில் 1925-ல் இங்கிலாந்தில் பதிவான புகாட்டி வழக்கு. சுற்றுப்பயணத்துக்கு வசதியான கார் வேண்டும் என்று வாங்குபவர் கேட்டார், டீலர் புகாட்டியைப் பரிந்துரைத்தார், அது அந்த வேலைக்கு ஆகவில்லை. பெயர் சொல்லி விற்றாலும், பரிந்துரையை நம்பி வாங்கியவருக்கு அந்த விலக்கைக் காட்ட முடியாது என்றது நீதிமன்றம். நம் 1930 சட்டம் ஆங்கிலச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டதுதான்.

இதையெல்லாம் கொண்டுபோய் வைக்கும் இடம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. இல்லாத பயன் இருப்பதாகச் சொல்லி விற்பது முறையற்ற வணிக நடைமுறை, பிரிவு 2(47). எழுத்தில் சொன்னாலும் வாயால் சொன்னாலும் ஒன்றுதான் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. அப்புறம், மேனுவல் விஷயம். மேனுவல் உங்கள் கைக்கு எப்போது வந்தது? டெலிவரி அன்று, முழுப் பணமும் கட்டியபிறகு. அதைப் படித்துவிட்டு முடிவெடுத்திருக்கலாமே என்று சொல்ல முடியாது. 2022-ல் கிரெட்டா காரில் ஏர்பேக் விரியாத வழக்கில், வாங்குபவர் வேகத்தையும் விசையையும் கணக்கிடும் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, அந்த வரியை மனுவில் கட்டாயம் சேருங்கள்.

சாட்சியம்தான் உங்கள் தலைவலி. வாயால் பேசியதை மறுத்துவிடுவார்கள். வாட்ஸ்அப்பைத் தோண்டுங்கள். புக்கிங்குக்கு முன் “டவுனுக்குள்ளதான் ஓடும், டீசல் ஒத்துவருமா?” என்கிற மாதிரி ஒரு வரியும், அதற்கு “தாராளமா சார்” என்று ஒரு கட்டைவிரல் படமும் இருந்தால் போதும், பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். போனை மாற்றிவிடாதீர்கள், மின்னணுப் பதிவுக்கு பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-ன்படி சான்று தர வேண்டியிருக்கும். சர்வீஸில் விட்டபோது கொடுத்த மூன்று ஜாப் கார்டுகளும் முக்கியம். அவற்றில் சர்வீஸ் அட்வைசர் “லோக்கல் ரன்னிங், ரீஜெனரேஷன் செய்யப்பட்டது, ஹைவேயில் ஓட்டச் சொல்லப்பட்டது” என்று எழுதியிருப்பார் (ரீஜெனரேஷன் என்பது பிடித்த கரியை எரித்துத் தள்ளுவதுதான்), உங்களைக் குறைசொல்ல எழுதிய அந்த வரியே நம் பக்கம் பேசும். புக்கிங் ஃபார்மின் பின்பக்கம் பொடி எழுத்தில் “பிரதிநிதியின் வாய்மொழி உறுதிகளுக்கு நிறுவனம் பொறுப்பல்ல” என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் எனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், சரக்கு விற்பனைச் சட்டப்படி அவர்களுக்கு அதில் கொஞ்சம் பிடி கிடைக்கும்.

இன்னொரு கேள்வி, இதை மறைக்காமல் சொல்லுங்கள்: பில் யார் பெயரில்? தேய்மானம் காட்டலாம் என்று ஆடிட்டர் சொல்லி கடை பெயரில் வாங்கியிருந்தால், “வணிக நோக்கம், இவர் நுகர்வோரே அல்ல” என்று முதல் நாளே மனு போடுவார்கள். சமாளிக்கலாம், ஆனால் அதற்கென்று தனியாக எழுத வேண்டும்.

நஷ்டஈடு வழக்கை ஷோரூம் மேல்தான் குறிவையுங்கள். வாரன்டி மறுத்ததால் உற்பத்தியாளரையும் இரண்டாவது எதிர்தரப்பாகச் சேர்க்கலாம், ஆனால் டீலர் செய்த தவறுக்கு, அது உற்பத்தியாளருக்குத் தெரிந்திருந்ததாகக் காட்டினால் ஒழிய, அவர் பொறுப்பில்லை என்று 2021-ல் டாடா மோட்டார்ஸ் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. அங்கே சக்தியை வீணாக்க வேண்டாம்.

திருச்சிக்கு அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், உங்களுக்கு தஞ்சாவூர் மாவட்ட ஆணையம். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட ஆணையமே போதும், கட்டணம் 400 ரூபாய். காலக்கெடு இரண்டு வருடம். விளக்கு எரிந்த நாளிலிருந்து கணக்கு என்று நாம் வாதாடலாம், ஆனால் அந்தச் சண்டைக்கே இடம்கொடுக்காமல் டெலிவரி நாளிலிருந்து எண்ணுங்கள், ஆறு மாதம்தான் பாக்கி. இந்த வாரமே பதிவுடன் கூடிய ஸ்பீட் போஸ்ட்டில், கொடுத்ததற்கான சான்று கேட்டு நோட்டீஸ் போகட்டும், 15 நாள் கெடு. முழுப் பணத்தையும் திருப்பிக் கேளுங்கள், தவறில்லை, ஆனால் என் கணிப்பில் டிபிஎஃப் செலவும் மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் ஒரு தொகையும் கிடைத்தால் நல்ல முடிவு. நோட்டீஸ் கண்டதும் பெட்ரோல் வண்டிக்கு மாற்றித் தருகிறோம் என்று பேச்சுக்கு வந்தால், எவ்வளவு கழிக்கிறார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு என்னிடம் பேசுங்கள்.

அதுவரை லோக்கல் மெக்கானிக் யாராவது “வடிகட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு சாஃப்ட்வேரை மாத்திடலாம் சார், விளக்கே எரியாது” என்று வந்தால் வண்டியைத் தொடவிடாதீர்கள். அது புகை விதியை மீறிய குற்றம், வழக்குக்கான தடயமும் அன்றோடு போய்விடும்.