ஒருவர் புத்திசாலியா இல்லையா என்பதை மற்றவர்கள் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? என் மேலாளர் என்னை மந்தமானவன் என்று நினைக்கிறார்.

பெரும்பாலும் வாயை வைத்துத்தான். பதில் எவ்வளவு வேகமாக வருகிறது, எவ்வளவு தயங்காமல் வருகிறது, எந்த மொழியில் வருகிறது என்பதை வைத்து. மேலாளர் என்று எழுதியிருப்பதால், நீங்கள் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை, கூட்டங்களில் வாய் திறக்க யோசிக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தமிழ் வழியில் படித்தவராகவும் இருக்கலாம். ஊகம் தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் கதையை வைத்துத்தான் உங்கள் கேள்வியைப் படிக்கிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவன். படிப்பு பத்தாம் வகுப்பு. கம்பெனி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் பெயர் வேண்டாம். வெளிநாட்டு பையர் (சரக்கு வாங்குபவர்) ஒருவரிடமிருந்து கோடு போட்ட டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் வந்தது. துணி எத்தனை கிலோ வேண்டும் என்று முடிவு செய்ய முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார்.

இதற்கு ஒரு சூத்திரம் உண்டு. பாடி நீளம், கை நீளம், தையலுக்கான கூடுதல் மூன்றையும் கூட்ட வேண்டும். அதை மார்பு அகலத்தால் பெருக்கி, முன்பக்கம் பின்பக்கத்துக்காக இரண்டால் பெருக்கி, துணியின் ஜிஎஸ்எம்மால் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற எண்) பெருக்கி, பத்தாயிரத்தால் வகுத்தால் ஒரு பீஸுக்கு எத்தனை கிராம் என்று வந்துவிடும். கூட்டி வந்த நீளம் 104 செ.மீ., அகலம் 56 செ.மீ., ஜிஎஸ்எம் 180 என்றால் ஏறத்தாழ 210 கிராம். வேஸ்ட்டுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்வார்கள். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகப் புதிதாக வந்திருந்த பெண், முதலாளி கேட்ட மறுநொடியே எண்ணைச் சொல்லிவிட்டார், ஆங்கிலத்தில். கணக்கில் பிழையே கிடையாது, பிளெய்ன் துணியாக இருந்திருந்தால்.

கோடு போட்ட துணி வேறு சங்கதி. முன்பக்கக் கோடும் பின்பக்கக் கோடும் பக்கத் தையலில் சரியாகச் சந்திக்க வேண்டும். போதாததற்கு, கையில் வரும் கோடு மார்பில் வரும் கோட்டோடு ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும் என்று அந்த பையர் கேட்டிருந்தார். அப்படியானால் பேட்டர்னை, அதாவது வெட்டுவதற்கான அச்சை, கிடைத்த சந்தில் செருகி இடத்தை மிச்சம் பிடிக்க முடியாது. ஒவ்வொரு துண்டும் அதற்கான கோட்டில்தான் தொடங்க வேண்டும், இடையில் விழும் துணியெல்லாம் வேஸ்ட். வெட்டுவதற்காகத் துணியை அடுக்கடுக்காக லே விரிக்கும்போதும் அடுக்குக்கு அடுக்கு கோட்டின் மேல் கோடு உட்கார வேண்டும்.

"துணி பற்றாது சார்" என்றேன்.

"எவ்வளவு பற்றாது?"

"மார்க்கர் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்."

மார்க்கர் என்பது துண்டுகளைத் துணியில் எப்படி அடுக்கி வெட்டுவது என்று போடும் வரைபடம். அந்தப் பதிலோடு என் மதிப்பு போயிற்று. "படித்தவர்கள் கணக்குப் போட்டாயிற்று. நீங்கள் போய்த் துணியை விரிக்கிற வேலையைப் பாருங்கள்" என்றார் முதலாளி. இரண்டு பேர் சிரித்தார்கள்.

துணி பற்றவில்லை. நூலுக்குச் சாயம் போட்டு நிட்டிங் செய்கிற துணி அது, கடையில் போய் வாங்கிவர முடியாது. அதே ஷேடில் மறுபடி நூல் சாயம் போட்டு வருவதற்குள் தூத்துக்குடியில் கப்பல் போய்விட்டது. மிச்சச் சரக்கு விமானத்தில் போனது, கட்டணம் கம்பெனி தலையில். பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டுத் தோளில் தட்டினார் என்று எழுதுவேன் என எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். விமானத்துக்குச் சட்டென்று ஏற்பாடு செய்த மெர்ச்சண்டைசரின் சமயோசிதத்தைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். நான் சொன்னது ஒருவருக்கும் நினைவில்லை.

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குத் தெரிந்ததை அவர் சரியாகத்தான் சொன்னார். ஆங்கிலத்தின் மேல் பொறாமை என்று கருத்துப் பகுதியில் எழுதப்போகிறவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: என் மகளை ஆங்கில வழிப் பள்ளியில்தான் சேர்த்திருக்கிறேன்.

"உன் ஒருவன் அனுபவம் ஆதாரமாகுமா?" என்பவர்களுக்காக ஒன்று. பிரேசில் நாட்டு ரெசிஃபே நகரில் தெருவில் வியாபாரம் செய்யும் சிறுவர்களிடம் ஆய்வாளர் டெரசின்யா கராயரும் இரு சகாக்களும் ஓர் ஆய்வு நடத்தி 1985இல் வெளியிட்டார்கள். ஒரு தேங்காய் 35 குருசேரோ (அன்றைய பிரேசில் நாணயம்), பத்துத் தேங்காய் எவ்வளவு என்று கேட்டால், பையன் பூஜ்யம் சேர்ப்பதில்லை. மூன்று 105, இன்னும் மூன்று 210, இன்னும் மூன்று 315, அதோடு ஒன்று, 350 என்கிறான். சந்தையில் இப்படிப் போட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. ஐந்தே சிறுவர்களிடம் செய்த சிறிய ஆய்வுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாளை மட்டும் பார்த்த வாத்தியார் அந்தப் பையனை என்னவென்று சொல்லியிருப்பார்?

ராமானுஜனை யாரும் இழுத்துவர வேண்டாம். அந்தக் காலத்து எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தோற்றவர்கள் எல்லாம் ராமானுஜன் இல்லை என்பது எனக்கும் தெரியும். எனக்கு அந்தக் கதையில் பிடித்தவர் ஆங்கிலேயக் கணித மேதை ஹார்டிதான். 1913இல் சென்னைத் துறைமுகக் குமாஸ்தா ஒருவர் அனுப்பிய கடிதத்தைத் தூக்கிப் போடாமல், சக கணித அறிஞர் லிட்டில்வுட்டையும் அழைத்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு சூத்திரமாகப் பார்த்தார். ஒருவரை எடை போட அவ்வளவு நேரம் செலவழிக்க நம் ஊரில் எந்த முதலாளிக்குப் பொறுமை இருக்கிறது?

இதை எழுதும்போது இன்னொன்றும் ஞாபகம் வந்து தொலைக்கிறது. மறுபடி வந்த அந்தத் துணியை வெட்ட இரவெல்லாம் நின்றோம். டெய்லர்களுக்கும் கட்டிங் ஆட்களுக்கும் ஒன்றரை ஷிப்ட் போட்டு சனிக்கிழமை சம்பளத்தில் கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கிடையாது. கேட்டால், நீங்கள் ஸ்டாஃப், மாதச் சம்பளம், ஓவர்டைம் வராது என்றார்கள். கூட்டத்தில் துணி விரிக்கிறவன், சம்பளம் என்றால் ஸ்டாஃப். ஸ்டாஃப் ஆனதற்கு எனக்குக் கிடைத்த ஒரே சலுகை ஒரு நாற்காலி, அதில் உட்கார நேரம்தான் இருந்ததில்லை. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

உங்கள் மேலாளர் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த கம்பெனியில் நான் பேசும் வரிசையை மட்டும் மாற்றிக்கொண்டேன். கேட்டவுடன் ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லிவிடுவேன். "பத்து சதவீதம் கூடுதலாகப் பிடிக்கும், மாலைக்குள் மார்க்கர் போட்டு உறுதியாகச் சொல்கிறேன்." அதே ஆள், அதே பத்தாம் வகுப்பு. அங்கே எனக்கு விவரமான ஆள் என்று பெயர். காலையில் சொன்ன எண்ணுக்கும் மாலையில் சொன்ன எண்ணுக்கும் பல நாள் ஒட்டே இருக்காது, அதை யாரும் கேட்டதில்லை. உங்கள் வேலையில் இது எடுபடுமா என்று சொல்லத் தெரியவில்லை. என்ன வேலை என்று நீங்கள் எழுதவே இல்லையே.