வெடைக்கோழி (இன்னும் முட்டையிடாத இளங்கோழி) எப்போது முட்டைக்கு வரும்?

கேள்வி: ஐந்து மாதம் முடிந்த ஆறு நாட்டுக்கோழிகள் வீட்டில் நிற்கின்றன. முட்டைக்கு வருவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? முட்டைத் தீவனத்தை இப்போதே கொடுக்கலாமா?
– வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: மாதக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். முட்டைக்காகவே பண்ணைகளில் வளர்க்கும் வெள்ளை லெகார்ன் இனம் 18 முதல் 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கிவிடும். நாட்டுக்கோழிக்குப் பெரும்பாலும் 6, 7 மாதம் ஆகும்.

வெளிறிக் கிடந்த கொண்டையும் தாடியும் பெருத்துச் சிவப்பது முதலில் கண்ணில் படும். அசில் போன்ற இனங்களுக்குக் கொண்டையே சிறியது என்பதால் நிறத்தை வைத்து முடிவு கட்ட முடியாது. முதுகில் கை வைத்ததும் ஓடாமல் இறக்கையை லேசாக விரித்துப் பதுங்குகிறதா என்று பாருங்கள். சேவலுக்கு இணங்கும் நிலை அது. அதிலிருந்து ஓரிரு வாரத்தில் முதல் முட்டையை எதிர்பார்க்கலாம். தீனி கூடும். கூடை, வைக்கோல் போர், கட்டிலடி என்று இடம் தேடிக் கேறிக்கொண்டே சுற்றும்.

இவை எல்லாவற்றையும்விட நம்பகமானது இடுப்பெலும்புச் சோதனைதான். அடைந்தபின் இரவில் கோழியைக் கக்கத்தில் அணைத்துப் பிடியுங்கள். ஆசனவாய்க்குச் சற்றுக் கீழே இரண்டு எலும்பு முனைகள் தட்டுப்படும். நடுவே ஒரு விரல்கூடச் சரியாக நுழையவில்லை, முனைகளும் விறைப்பாக இருக்கின்றன என்றால் இன்னும் நாளாகும். இரண்டு விரல் தாராளமாக நுழைந்து, வயிறும் மெத்தென்று இருந்தால் முட்டை நெருங்கிவிட்டது. ஆசனவாயும் சிறிதாக, வட்டமாக, உலர்ந்து இருந்தது மாறி அகன்று ஈரமாகிவிடும்.

தீவனத்தில் அவசரம் வேண்டவே வேண்டாம். வளர் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து சுமார் 1 சதவீதம். முட்டைத் தீவனத்தில் 3.5 சதவீதம் வரை உண்டு. முட்டையிடாத கோழிக்கு அந்த மிகுதி சிறுநீரகத்தைக் கெடுக்கும். முதல் முட்டை விழுந்ததும் மாற்றுங்கள். அதுவரை உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தேவைப்படும் கோழி தானே கொத்திக்கொள்ளும். குடற்புழு நீக்கமும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியும் பாக்கி இருந்தால் கால்நடை மருத்துவரிடம் கேட்டு இந்த இடைவெளியிலேயே முடித்துவிடுங்கள்.

கேள்வி: முதல் முட்டை ஓடில்லாமல் தோல் முட்டையாக விழுந்தது. அடுத்ததில் ரத்தக் கீற்று. நோயா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: தொடக்கத்தில் இரண்டுமே சகஜம். முட்டைக்கு ஓடு சேர்க்கும் கருப்பை இன்னும் சீராக இயங்கவில்லை. ரத்தம், வழி விரியும்போது ஏற்படும் சிறு கீறல். ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். மற்றக் கோழிகள் அந்த இடத்தைக் கொத்தினால் உடனே பிரித்து வைக்க வேண்டும், தாமதித்தால் குடலையே இழுத்துவிடும். இரை எடுக்காமல், வாலைத் தொங்கவிட்டு, நிமிர்ந்து நின்று முக்கினால் அது முட்டை அடைப்பு. வயிற்றை அழுத்தி உள்ளே முட்டையை உடைத்துவிடாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் பின்பாதியை 20 நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். இறங்காவிட்டால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: புதருக்குள் முட்டையிடுகிறது. என்ன செய்வது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: ஓரடி நீள, அகல, உயரப் பெட்டியில் வைக்கோல் பரப்பி, இருட்டான மூலையில் வையுங்கள். நான்கு கோழிக்கு ஒரு பெட்டி போதும். அடையாளமிட்ட ஒரு முட்டையை அதிலேயே விட்டுவைத்து, காலை 10 மணிக்குப் பிறகு கோழிகளைத் திறந்துவிடுங்கள்.